புதுப்பிப்பு: ஸ்கடர் குடும்பத்தின் இரண்டு ஜான்கள்

அமெரிக்க மிஷனரி ஸ்கடர் குடும்பத்தின் கொடிவழியை முன்பு இங்கே போட்டிருந்தேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவிய ஐடா ஸ்கடருக்கு அப்பாவும் ஜான், தாத்தாவும் ஜான், எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

மனைவி பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள், குழப்பமே வராது. ஹேரியட் வாட்டர்பரியின் கணவர் மூத்தவர்: 1793-இல் நியூஜெர்சி ஃப்ரீஹோல்டில் பிறந்து, 1819-இல் இலங்கைக்குக் கப்பலேறி, 1855-இல் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் இறந்தவர். சோஃபியா வெல்டின் கணவர் இளையவர், ஐடாவின் அப்பா. 1900-இல் கொடைக்கானலில் காலமானார்.

மூத்த ஜானின் மகன்களுடைய நடுப்பெயரையும் விடாதீர்கள். வில்லியம் வாட்டர்பரி, ஜேரட் வாட்டர்பரி என இருவரிடம் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் அப்படியே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடும்பங்களில் இந்த வழக்கம் அதிகம்; தாய்வழியைத் தேட இதைவிட நல்ல துப்பு கிடைக்காது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடுபவர்களுக்கு: 1840 வரை குடும்பத்தலைவர் பெயர் மட்டும்தான். வீட்டிலுள்ள (அடிமைகள் தவிர) எல்லோருடைய பெயரும் பிறந்த இடமும் 1850 முதல் வரும். ஆனால் உறவுமுறை 1880-இல்தான் சேர்ந்தது. அதனால் 1850, 1860, 1870 பட்டியல்களில் ஒரே வீட்டுச் சிறுவனை மகன் என்று எழுதிவிடாதீர்கள். படிக்க வந்து தங்கிய அண்ணன் பிள்ளையாகவும் இருக்கலாம். 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு போயிற்று, அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம். வெளிநாட்டில் இருந்த வருடங்களுக்கு மிஷன் ஆண்டறிக்கைகளும் தேவாலயப் பதிவேடுகளும்தான் கைகொடுக்கும். மூத்த ஜானின் மகன் ஹென்றி மார்ட்டின் 1822-இல் பிறந்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். அவர் பிறப்பை நியூஜெர்சியில் தேடுவது வீண்.