தனுஷ்கோடி சர்ச்சின் பழைய ஞானஸ்நான ஏடு எங்கே இருக்கும்?

வணக்கம். தனுஷ்கோடியில் கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிற பழைய சர்ச்சில்தான் எங்கள் அம்மாச்சிக்கு ஞானஸ்நானம். மீனவர்களும் ரயில்வேக்காரர்களும் ஒன்றாகப் பூசை கண்ட கோயில் என்பார். 1964 டிசம்பர் புயலோடு ஊரே காலி. வீட்டார் தங்கச்சிமடம் வந்துவிட்டார்கள். இப்போது அங்கே செல்ஃபி எடுக்க வருகிற கூட்டம்தான். போன வாரம் போனேன். பவளப்பாறைக் கல் சுவரைத் தடவினால் கையில் மாவாக உதிர்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புயலுக்கு முந்தைய ஞானஸ்நான ஏடு கடலோடு போய்விட்டதா, நகல் ஏதும் இருக்கிறதா? அப்போது அந்தப் பகுதி மதுரை உயர்மறைமாவட்டம். சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல்தான் அதிலிருந்து பிரிந்தது. முதலில் எங்கே கேட்பது? அப்புறம், பீடம் இருந்த காலத்து போட்டோ யாரிடமாவது இருந்தால் போடுங்கள். அம்மாச்சிக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, சீக்கிரம் காட்டணும்.