பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாய் வராதது ஏன்?

மலர்விழி:
குழந்தைக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன், மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. பால் குடி மறக்கும்வரை கரு தங்காது என்று மாமியார் உறுதியாகச் சொல்கிறார். மார்புக்கும் சினைப்பைக்கும் அப்படி என்ன தொடர்பு?

செவிலியர் தமிழரசி:
தொடர்பு மூளை வழியாக நடக்கிறது. குழந்தை சப்பும்போது முலைக்காம்பின் நரம்புகளில் எழும் தூண்டல் தண்டுவடம் வழியே மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸை எட்டுகிறது; அங்கிருந்து வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதால், அதுவரை அதனால் அடக்கி வைக்கப்பட்டிருந்த புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோன், அதற்குக் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பெருகிச் சுரக்கிறது. அதே வேளையில், சினைப்பையை இயக்குவதற்காக ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனின் துடிப்புகள் தளர்ந்துவிடுவதால், முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை. எனவே குழந்தை எத்தனை முறை சப்புகிறது என்பதே முக்கியம். கறந்து புட்டியில் கொடுப்பது இதற்கு ஈடாகாது.

கதிர்வேல்:
மாமியார் சொன்னது பாதிதான் உண்மை. குழந்தைக்கு 6 மாதம் நிறையாமலும், மாதவிடாய் திரும்பாமலும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தும் வந்தால் பாதுகாப்பு சுமார் 98 சதவீதம். மூன்றில் ஒன்று தவறினாலும் கணக்கு மாறிவிடும். முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளிவரக்கூடும் என்பதால், கூழ் ஊட்டத் தொடங்குமுன் காப்பர்-டி போன்ற கருத்தடை வழிகளை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மலர்விழி:
நன்றி. அழுகுரல் கேட்டாலே பால் கசிகிறதே, அதுவும் புரோலாக்டினா?

செவிலியர் தமிழரசி:
இல்லை, அது பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். ஹைப்போதலாமஸின் நரம்பணுக்களே அதை உருவாக்கி, பிட்யூட்டரியின் பின்பகுதி வழியாக இரத்தத்தில் விடுகின்றன. பிரசவித்த முதல் நாள்களில் பால் கொடுக்கும்போது அடிவயிற்றை இழுத்துப் பிடித்ததற்கும் காரணம், கருப்பையைச் சுருக்கும் இதே ஹார்மோன்தான்.