கடைசலுக்குப் பழைய மரம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை:

ராயபுரத்தில் பழைய வீடு ஒன்றை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விடிந்ததும் ஓடினேன். மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் கோணலாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் கட்டுவார்களே, அதுதான். நான் போவதற்குள் நீளக் கட்டைகளெல்லாம் வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடைக்குக் கிளம்பிவிட்டன. சுவருக்குள் புதைந்திருந்த முனைகளை மட்டும் அறுத்து ஓரமாகக் குவித்திருந்தார்கள். ஒன்றரை அடி, இரண்டடித் துண்டுகள். அவர்களுக்கு அது விறகு. லேத்தில் சுழலவிட்டு உளியால் கடைகிற எனக்கு அது மத்து, பூரிக்கட்டை, சின்னக் கிண்ணம். மேஸ்திரியிடம் பேசி, எடைக்குக் காசு கொடுத்து, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மேலே ஒட்டியிருந்த காரையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தேன். இதைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும். காரையில் இருக்கிற மணல் உளியின் கூர்மையை ஒரே நிமிடத்தில் தின்றுவிடும். தேக்கிலேயே இயற்கையாகச் சிலிக்கா உண்டு. சுத்தமான தேக்குக்கே அடிக்கடி சாணை பிடிக்க வேண்டியிருக்கிறது.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கட்டை முழுக்க ஓட்டி நாலு ஆணி பிடுங்கினேன். முடிந்தது என்று நினைத்து லேத்தில் மாட்டினேன். கால் அங்குலம் இறங்கியதும் ‘டங்’ என்று ஒரு சத்தம். உளியின் முனை பெயர்ந்து முகக்கவசத்தில் பட்டுத் தெறித்தது. கவசம் போடாமல் நின்றிருந்தால் கண் போயிருக்கும். தலை ஒடிந்த பழைய ஆணி ஒன்று உள்ளே ஆழத்தில் படுத்திருந்தது. காந்தத்துக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை.

அந்தக் கட்டையை வியாசர்பாடியில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அறுத்த முகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். தேன் நிறத் தேக்கில் ஓர் இடத்தில் மட்டும் நீலமும் கறுப்புமாக, மை ஊறினதுபோல் ஒரு கோடு. “இரும்பு இருந்தா மரம் கறுத்துனு நிக்கும் தம்பி. காந்தம் அப்புறம், மொதல்ல கண்ணால பாரு” என்றார். அன்றிலிருந்து எந்தத் துண்டு வந்தாலும் ஒரு முனையைப் புதிதாக அறுத்து, ஈரத் துணியால் துடைத்துப் பார்க்காமல் லேத் பக்கமே கொண்டுபோவதில்லை.

காசிமேடு:

அண்ணா, எங்கள் பக்கம் கிடைப்பது படகுப் பலகை. ஃபைபர் படகுகள் வந்தபிறகு மரப்படகை உடைத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. என் மாமா படகை உடைத்தபோது நல்ல தடிப்பான பலகை நாலைந்து எடுத்து வைத்தேன். பார்க்க இரும்புபோல் இருந்தது, உளுப்பூச்சி அரித்த ஓட்டை கிடையாது. ஆசையாக ஒரு குங்குமச் சிமிழ் கடைந்து எண்ணெய் பூசி வைத்தேன். மழைக்காலம் வந்ததும் சிமிழ் வியர்க்க ஆரம்பித்துவிட்டது! தொட்டால் பிசுபிசுப்பு, ஓரத்தில் வெள்ளைப் பூப்பு. உள்ளே ஊறியிருந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. லேத்தின் படுக்கையிலும் துரு ஏறிவிட்டது.

மீதிப் பலகைகளைத் தொட்டியில் நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். நாக்கில் தொட்டுப் பார்த்தால் கரிப்பு தெரியாத அளவுக்கு வந்தபிறகுதான் நிழலில் காயவைத்தேன். அதில் செய்தவை இதுவரை வியர்க்கவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பாத்திரம் எதுவும் அதில் செய்ய மாட்டேன். எத்தனை வருடம் டீசலும் பெயிண்டும் குடித்த மரம்!

பெரம்பூர்:

ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டை கிடைக்கிறது என்றால் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் ஊறியிருப்பது கிரியோசோட், மரம் கெடாமலிருக்க ஏற்றுகிற தார் எண்ணெய். அந்தத் தூள் தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். பழைய கதவு, ஜன்னல் சட்டங்களில் அடுக்கடுக்காகப் பெயிண்ட் இருந்தால் அடியில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். சாண்ட்பேப்பர் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த மரமே வேண்டாம்.

மணலி:

பச்சை மரம் கிடைத்தால் என்ன செய்கிறீர்கள்? தெருவில் விழுந்த புங்கமரத் துண்டு கொண்டுவந்தேன். ஒரே வாரத்தில் வெடித்துவிட்டது.

தண்டையார்பேட்டை:

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருமுனைப் பூவரசு விழுந்தது. சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டித்தான் பீப்பீ ஊதுவோம். மாநகராட்சி ஆட்களிடம் கேட்டு மூன்று உருளை வாங்கி, அப்படியே மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். உங்களுக்கு ஆனதுதான் எனக்கும். நடுவிலிருந்து சக்கர ஆரம்போல நாலு பக்கமும் பிளந்தது. மரம் வட்டத்தைச் சுற்றிச் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருளையாக விட்டால் வெடிக்காமல் அதற்கு வேறு வழி இல்லை.

தப்பித்த ஒரே உருளையை நடுத்தண்டு வழியாக நெடுக்காகப் பிளந்து, அந்த நடுப்பகுதியை அறுத்து எறிந்தேன். அறுத்த முனைகளில் மெழுகை உருக்கித் தடவினேன். பிறகு பச்சையாகவே ஒன்பது அங்குலக் கிண்ணமாகத் தடிமனாகக் கடைந்தேன். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டால் போதும். வைரம், அதாவது உள்பக்கக் கெட்டி மரம், நல்ல சாக்லேட் நிறம், அவ்வளவு அழகு. வெளிப்பக்க வெள்ளைப் பகுதியை மட்டும் கிண்ணத்தில் விட்டுவைக்காமல் எடுத்துவிட்டேன், உளுப்பூச்சி முதலில் வருவது அங்கேதான்.

அந்தக் கிண்ணத்தை அதன் சுருள் தூளோடே காகிதப் பையில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தராசில் வைத்து எடையைக் கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் எழுதுவேன். 1,900 கிராமில் தொடங்கியது. ஐந்தாவது மாதம் 1,360-இல் நின்றது, மூன்று வாரம் அசையவில்லை. வாய் வட்டம் முட்டை வடிவமாக இழுத்துக்கொண்டிருந்தது. தடிமன் விட்டதால் மறுபடி வட்டமாகக் கடைய முடிந்தது. இப்போது அம்மா அதில்தான் பூண்டு வைத்திருக்கிறார்.

மணலி நண்பரே, புங்கன் போனால் போகட்டும். அந்த ராயபுரத்துத் தேக்கில் இரண்டு துண்டு மிச்சம் இருக்கிறது. ஒன்றில் உள்ளே ஆணி இருக்கிறது, இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.