விண்டோஸ் 8 தொடுதிரை லேப்டாப் தானா குதிக்குது, வைரஸா? உதவி தேவை

தங்கச்சிமடம்_கணக்கு | நவம்பர் 2012

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்துல நண்டும் இறாலும் எடுக்குற ஒரு கம்பெனியில கணக்கு எழுதுறேன். பழைய கம்ப்யூட்டர் உப்புக்காத்துல துருப்பிடிச்சு போய்ச் சேர்ந்துடுச்சு. முதலாளி மதுரைக்குப் போனவரு தொடுதிரை வச்ச லேப்டாப் ஒண்ணைத் தூக்கிட்டு வந்துட்டாரு. உள்ள விண்டோஸ் 8. போன மாசம் 26-ஆம் தேதிதான் வெளிவந்துச்சாம், கடைக்காரர் சொல்லி வித்திருக்காரு.

பிரச்சனை என்னன்னா:

ஸ்டார்ட் பட்டனைக் காணோம். தொறந்தா கட்டம் கட்டமா கலர் கலரா நிக்குது. முதல் நாள் ஷட் டவுன் எங்கன்னு தெரியாம மூடியை மூடி வச்சிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். விடியக்காலையில படகு கரைக்கு வந்து எடை போடுற நேரம், எக்செல்ல எடையை அடிச்சிட்டே இருக்கும்போது வலது பக்கத்துலேர்ந்து கறுப்பா ஒரு பட்டை சர்ருனு வருது. கீழ இடது மூலையில பெருசா மணியும் தேதியும் காட்டுது. சில நேரம் எக்செல் போயி வேற என்னமோ வந்து நிக்குது. திரையைத் தொட்டா இன்னும் மோசம். ஒரு கட்டத்தைத் தொட்டா பக்கத்துக் கட்டம் தொறக்குது. ஆண்டிவைரஸ் ஓட்டிப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லைங்குது.

முதலாளிக்கு என்னமோ ரொம்பப் புடிச்சிருக்கு. மவுஸே புடிக்கத் தெரியாத மனுஷன், விரலால தள்ளித் தள்ளி வானிலையும் படமும் பாக்குறாரு. கணக்கு எழுதுற எனக்குத்தான் தலைவலி.

---

பாம்பன்பாலம்

பங்கு, யோசிக்காத. ஃபார்மட் பண்ணிட்டு பழைய விண்டோஸ் செவன் போடு. நான் பிப்ரவரியில வந்த முன்னோட்டப் பதிப்பையே போட்டுப் பாத்தேன், ஒரு வாரத்துல தூக்கிட்டேன். ஃபோனுக்குச் செஞ்சதைக் கம்ப்யூட்டர்ல திணிச்சிருக்காங்க.

---

கீழக்கரை_துபாய்

தம்பி, அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணிடாதீங்க. எட்டோட வர்ற புது லேப்டாப்ல செக்யூர் பூட்னு ஒரு காவல் இருக்கு, அது ஒத்துக்குற சிஸ்டத்தை மட்டும்தான் தொடங்க விடும். அதை அணைக்காம செவன் ஏறாது. பழைய மாதிரி அடியில சாவி எண் ஒட்டின ஸ்டிக்கரும் இருக்காது, சாவி மதர்போர்டுக்குள்ளயே இருக்கு. ரெக்கவரி பகுதியையும் சேர்த்து அழிச்சிட்டா திரும்ப எட்டு போட டிஸ்க்குக்கு அலையணும்.

முதல்ல பழகவேண்டியதைச் சொல்லிடுறேன். அந்தக் கறுப்புப் பட்டைக்குப் பேரு சார்ம்ஸ் பார். விண்டோஸ் சாவியும் சி-யும் அமுக்கினா அதுவே வரும். விண்டோஸ் + ஐ அமுக்கினா செட்டிங்ஸ், அதுக்குள்ள பவர், அதுல ஷட் டவுன். டெஸ்க்டாப்ல நிக்கும்போது ஆல்ட் + எஃப்4 அடிச்சாலும் கேக்கும். விண்டோஸ் + எக்ஸ் அமுக்கிப் பாருங்க, கன்ட்ரோல் பேனல், டிவைஸ் மேனேஜர் எல்லாம் ஒரே பட்டியல்ல வரும். எட்டுல எனக்குப் புடிச்சதே இந்த ஒண்ணுதான். தேடணும்னா ஸ்டார்ட் திரையில சும்மா டைப் அடிச்சாப் போதும். ஆனா கன்ட்ரோல் பேனல் சமாச்சாரமெல்லாம் செட்டிங்ஸ்ங்கிற தலைப்புக்குக் கீழ தனியா நிக்கும். அங்க தட்டாம ‘ஒண்ணும் இல்லை’னு திரும்பி வந்துடாதீங்க.

இனி குதிக்கிற விஷயம். மூணு கேள்வி கேக்குறேன், பொறுமையா பதில் சொல்லுங்க. சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டினாலும் இப்படித்தானா? பட்டை வர்ற நேரத்துல உங்க கை எங்க இருக்கு? எடை போடுற இடத்துல ஈரக்கையோட தொடுறீங்களா?

---

தங்கச்சிமடம்_கணக்கு

காக்கா, ரொம்ப நன்றி. ஷட் டவுன் கிடைச்சிடுச்சு.

பேட்டரியில ஓட்டிப் பாத்தேன். தொடுறது ஒழுங்கா இருக்கு, தொட்ட கட்டம்தான் தொறக்குது. ஆனா கறுப்புப் பட்டை அப்பவும் வருது. சார்ஜர் போட்டா பழையபடி பைத்தியம் புடிக்குது, இன்வெர்ட்டர்ல ஓடும்போது இன்னும் அதிகம். இங்க பாதி நாளு கரண்டு இல்ல, இன்வெர்ட்டர்லதான் பொழப்பே ஓடுது. கையா? ஐஸ் தண்ணியும் நண்டுத் தண்ணியும் படாத கை எங்க கொட்டாய்ல கிடையாது.

---

கீழக்கரை_துபாய்

அப்போ மூணும் வேற வேற கோளாறு. வைரஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

கறுப்புப் பட்டை: காரணம் தொடுதிரை இல்லை, டச்பேட். எட்டோட வர்ற லேப்டாப் பலதுல டச்பேடோட வலது ஓரத்துலேர்ந்து விரலை உள்ள இழுத்தா சார்ம்ஸ் வரும், இடது ஓரத்துலேர்ந்து இழுத்தா முன்னாடி தொறந்த ஆப்புக்கு மாறும். டைப் அடிக்கும்போது உள்ளங்கை ஓரத்துல உரசினாலே போதும். எக்செல் காணாமப் போறதுக்கும் அதுதான் காரணம். கன்ட்ரோல் பேனல், மவுஸ், கடைசி டேப்ல டச்பேட் அமைப்பு இருக்கும். அதுல எட்ஜ் ஸ்வைப்ங்கிறதை எடுத்து விடுங்க. வெளி மவுஸ் வச்சிருந்தா டச்பேடையே அணைச்சிடலாம்.

ஈரக்கை: இந்தத் திரை அழுத்தத்தைப் பாக்காது. கண்ணாடிக்கு அடியில மெல்லிசா ஒரு மின்புலம் இருக்கும், விரல் கிட்ட வந்தா அது மாறும், அதை வச்சுத்தான் இடத்தைக் கணக்குப் போடும். உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்துறதால சொட்டு விழுந்தாலும் அதுக்கு விரல்தான். காய்ஞ்ச துணியால துடைச்சிட்டுத் தொடுங்க.

சார்ஜர் போட்டா குழம்புறது மின்சார வேலை. அதை இங்க இருக்குற வயர்மேன் அண்ணன் சொன்னா நல்லது.

---

ராம்நாடு_வயர்மேன்

கூப்பிட்டதால வர்றேன். எனக்கு விண்டோஸ் ஏழும் தெரியாது எட்டும் தெரியாது, எர்த்து தெரியும்.

தம்பி, சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்போட இரும்புப் பகுதியைப் புறங்கையால லேசா வருடிப் பாத்தா சுர்ருனு கூச்சம் தெரியுதா? சார்ஜர் எந்தப் பிளக்குல போகுது, மூணு முள்ளும் இருக்கா?

---

தங்கச்சிமடம்_கணக்கு

ஆமாண்ணே, சுர்ருங்குது! வெறுங்கால்ல நின்னா நல்லாவே தெரியும். எக்ஸ்டென்ஷன் பெட்டி பழசு, அதுக்குப் போற வயர்ல ரெண்டு கம்பிதான் இருக்கு. மூணாவது முள்ளு சும்மா தொளையிலதான் நிக்குது.

---

ராம்நாடு_வயர்மேன்

அதான் சங்கதி. சார்ஜருக்குள்ள மின் இரைச்சலை, அதாவது கரண்டுல கலந்து வர்ற தேவையில்லாத அலையை, வடிகட்ட ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அதோட கசிவு எர்த்துல இறங்கணும். எர்த்து இல்லைனா லேப்டாப் உடம்பு 230 வோல்ட்டுல பாதிக்குக்கிட்ட மிதக்கும். கரண்டு ரொம்பக் கம்மி, அதனால ஆளை அடிக்காது, கூச்சம்தான். ஆனா அந்த இரைச்சல் திரைக்குள்ளயும் போகும். நீ விரல் வச்சதும் எது விரல், எது இரைச்சல்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது. விலை கம்மியான சதுர அலை இன்வெர்ட்டரா இருந்தா இரைச்சல் இன்னும் கூடும்.

திரையை விடு. ஈரத்தரை, வெறுங்கால், ஐஸ் உடைக்கிற மோட்டார், எல்லாம் ஒரே கொட்டாய்ல. மோட்டார்ல கசிவு வந்தா அது கூச்சத்தோட நிக்காது. மூணு கம்பி இழுத்த புதுப் பெட்டி போடு. எர்த்துக் குழி இருக்கான்னு தேடு. நம்ம கரையோரத்துல ஜிஐ பைப்பு (துத்தநாகம் பூசின இரும்புப் பைப்பு) உப்புல அரிச்சு மேல மட்டும் நிக்கும், கீழ ஒண்ணும் இருக்காது. மேல் மணலும் வெயில்ல காய்ஞ்சு கிடக்கும், எர்த்து புடிக்காது. ஆழமா இறக்கி ஈரம் இருக்குற எடத்துல விடணும். மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு கட்டாயம் போடச் சொல்லு, கசிவு வந்தா உடனே கரண்டை வெட்டி விடுற சுவிட்ச் அது. முதலாளி செலவுன்னு முனகுனா லேப்டாப் விலையை ஞாபகப்படுத்து.

---

பாம்பன்பாலம்

இதுக்குத்தான் செவன் போடச் சொன்னேன். டச்சும் இல்ல, தொல்லையும் இல்ல 😄

---

ராம்நாடு_வயர்மேன்

செவன் போட்டா ஐஸ் மோட்டாருக்கு எர்த்து வந்துடுமா மாப்ள?

---

தொண்டி_தமிழ்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும், எட்டைப் பத்தி நல்லதும் ஒண்ணு சொல்லணும். தமிழ் எழுத்து இதுல பார்க்க நல்லாயிருக்கு. லதாவோட நிர்மலான்னு புதுசா ஒரு எழுத்துரு சேர்த்திருக்காங்க, சின்ன அளவுலயும் தெளிவா வாசிக்க முடியுது. மொழி மாத்த விண்டோஸ் சாவியும் ஸ்பேஸும். சிட்டையைத் தமிழ்ல அடிக்கிறவங்களுக்கு உதவும்.

---

தங்கச்சிமடம்_கணக்கு

நிலவரம் சொல்றேன். எட்ஜ் ஸ்வைப் எடுத்து விட்டதுலேர்ந்து பட்டை வரல. எக்செல் நின்ன இடத்துல நிக்குது. மூணு கம்பி வயர் இழுத்துப் பெட்டி மாத்தியாச்சு. எர்த்துப் பைப்பைத் தோண்டினா வயர்மேன் அண்ணன் சொன்ன கதைதான், முழங்கை நீளத்துக்குக் கீழ பொடிப்பொடியா உதிர்ந்துடுச்சு. புதுசு இறக்கினாங்க. கூச்சம் போயிடுச்சு, லைன் கரண்டுல தொடுறதும் சரியாயிடுச்சு. இன்வெர்ட்டர்ல எப்பவாச்சும் தடுமாறுது, அப்ப சார்ஜரைக் கழட்டிடுறேன். ஆர்சிசிபிக்கு முதலாளி அடுத்த வாரம்னு சொல்லியிருக்காரு.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஸ்டார்ட் பட்டன் இல்லாம கை தேடிக்கிட்டே இருக்கு. மவுஸை எக்செல்லை மூடுற மூலைக்குக் கொண்டு போனாலும் சார்ம்ஸ் நிழல் எட்டிப் பாக்குது. வழி உண்டா?

---

கீழக்கரை_துபாய்

கிளாசிக் ஷெல்னு இலவச மென்பொருள் இருக்கு. பழைய ஸ்டார்ட் மெனுவைத் தரும், தொறந்ததும் நேரா டெஸ்க்டாப்புக்கும் கொண்டு போகும். அதோட அமைப்புல ஆக்டிவ் கார்னர்ஸை அணைக்கிற வசதியும் இருக்கு, மூலைத் தொல்லை அதோட தீரும். முதலாளிக்கு விண்டோஸ் சாவியை ஷிஃப்ட்டோட அமுக்கக் கத்துக் குடுங்க, அவரோட கலர் கட்டங்கள் வரும்.

ஆர்சிசிபி போட்டதும் இங்க வந்து ஒரு வரி எழுதுங்க தம்பி. அடுத்த வாரம்னு முதலாளிமாருங்க சொன்னா எனக்கு நம்பிக்கை வர்றதில்லை.