பீவர் தோலில் சவ்வு சீவுவது: எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது?

புதுக்கை:
வயிற்றுப் பக்கம் கீறி விரித்து உரித்த 2 பீவர் (நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கு) தோல்கள் உறைபெட்டியில் உள்ளன. முடியோடு பதனிட்டு மெத்தென்ற விரிப்பாக்க வேண்டும். கத்தியை மெல்லத் தள்ளினால் சவ்வு அசைவதில்லை, அழுத்தினால் தோல் கிழிகிறது. எந்தப் பக்கத்திலிருந்து சீவுவது, எவ்வளவு சீவினால் போதும்? உப்பு, அமிலம், படிகாரம் என்ன அளவு?

சீவுகட்டை:
முதலில் முடியைப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன மண்கட்டியோ முள்விதையோ இருந்தால் அந்த இடம் மேடாகும். கத்தி சரியாக அங்கேதான் ஓட்டை போடும். குளிர்ந்த நீரில் அலசி, சீப்பால் வாரிவிட்டு, தோலை விரித்துச் சீவும் கட்டையில் போடுங்கள். கையுறை கட்டாயம்: பீவர் வழியாக டூலரீமியா என்ற பாக்டீரியா நோய் மனிதருக்குத் தொற்றலாம், கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும்.

பீவரின் சவ்வு தோலோடு இறுகப் பிடித்திருக்கும். மழுங்கிய விளிம்பால் தள்ளினால் வராது. இரு கைப்பிடிக் கத்தியின் கூர்விளிம்பைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து, முன்னால் தள்ளும்போதே பக்கவாட்டிலும் இழுத்துச் சீவுங்கள். கழுத்தில் தொடங்கி முதுகு நடுவாக வால் பக்கம், பிறகு இரு விலாவும். வயிறும் கால் துளைகளின் ஓரமும் மெல்லியவை. அங்கே மழுங்கிய விளிம்பு மட்டும். தோலின் உட்புறத்தில் முடிவேர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள், முடி கொட்டும். ஓட்டை விழுந்தால் உப்பிடுவதற்கு முன்பே, முடி சிக்காமல் உட்புறத்திலிருந்து மெழுகு நூலால் தைத்துவிடுங்கள்.

அமிலத்தொட்டி:
கிழிசல் பயத்தில் அரைகுறையாக விடுவதும் தவறு, முதல் நாளே எல்லாவற்றையும் வழித்தெடுக்கப் பார்ப்பதும் தவறு. சதையும் கொழுப்பும் முழுக்கப் போக வேண்டும். மெல்லிய சவ்வு மிஞ்சினால் பரவாயில்லை. அமிலக் கரைசலில் அது வெள்ளையாக உப்பியபின் சுலபமாகச் சீவ வரும்.

கொழுப்பு இருக்கும் இடத்தில் உப்பும் இறங்காது, படிகாரமும் இறங்காது. சீவியதும் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கசக்கி அலசுங்கள். சுடுநீர் கூடவே கூடாது, தோல் சுருங்கிவிடும்.

பிறகு தோலின் எடைக்குச் சமமாக அயோடின் கலக்காத தூளுப்பை ஓரம், முகம், காது வரை தேய்த்து, நீர் வடியச் சாய்வாக 24 மணி நேரம் வையுங்கள். ஈர உப்பைத் தட்டிவிட்டுப் புது உப்பு இன்னொரு முறை.

கரைசல் லிட்டருக்கு 120 கிராம் உப்பு, 22 கிராம் சிட்ரிக் அமிலம், பிளாஸ்டிக் தொட்டியில். பிஎச் (அமிலத்தன்மை அளவு) 2.5க்குக் கீழே இருக்க வேண்டும். உப்பைக் குறைத்தால் அமிலத்தில் தோல் கூழ்போல ஊதிக் கெடும். 3 நாள் கழித்து எடுத்து மீதிச் சவ்வைச் சீவி, இன்னும் ஒரு நாள் ஊறவிடுங்கள். கடைசியில் லிட்டருக்கு 7 கிராம் சமையல் சோடா கலந்த நீரில் 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

மரத்தூள்:
அடுத்து படிகாரத்தில் பதனிட: 4 லிட்டர் நீரில் 450 கிராம் படிகாரம். தனியே 2 லிட்டரில் 225 கிராம் உப்பு, 115 கிராம் சலவை சோடா. சோடா நீரைப் படிகார நீரில் கிளறிக்கொண்டே மிக மெதுவாக ஊற்றுங்கள், நுரைத்துப் பொங்கும். சில நாள் ஊறியபின் தடித்த ஓரத்தைக் கீறிப் பாருங்கள். வெட்டுமுகம் முழுதும் வெள்ளையாக இருந்தால் எடுக்கலாம். இந்த முறையில் பதனிட்ட தோல் நனைந்தால் படிகாரம் கழுவிப்போகும். விரிப்பைத் துவைக்கும் எண்ணம் இருந்தால் வேறு பதனிடும் முறை பாருங்கள்.

மெத்தென்று ஆவது ஊறவைப்பதால் அல்ல, காயும்போது இழுப்பதால். எண்ணெய் தடவி உட்புறம் உள்ளே இருக்கும்படி மடித்து ஓர் இரவு வையுங்கள். பாதி காய்ந்ததும் மடித்துப் பிரித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு தெரியும். அந்த நேரம் முதல் முழுக்கக் காயும்வரை பலகை விளிம்பில் எல்லாத் திசையிலும் இழுங்கள். விறைத்துவிட்டால் ஈரத்துணியால் நனைத்து மறுபடி இழுக்கலாம்.

புதுக்கை:
நன்றி. காய்ந்தபின் அங்கங்கே மஞ்சளாக, கெட்டியாக இருந்தால்?

அமிலத்தொட்டி:
அங்கே கொழுப்பு மிஞ்சியிருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் இளகாது. அமிலக் கரைசலில் திரும்ப ஊறவைத்து, அந்த இடத்தைச் சீவி, கொழுப்பு நீக்கி, மறுபடி பதனிட வேண்டும்.