புதுப்பிப்பு: சின்னர் ஜெயிப்பார் என்று சொல்லியிருந்தேனே

2025 பிரெஞ்சு ஓபன் டென்னிஸில் ஆண்கள் இறுதிக்கு முந்தைய நாள், அல்கராஸை வீழ்த்தி சின்னர்தான் கோப்பையைத் தூக்குவார் என்று எழுதியிருந்தேன். அந்தத் தொடரில் அதுவரை அவர் ஒரு செட்கூட விடவில்லை என்பதுதான் என் காரணம். கணிப்பு பொய்த்துவிட்டது.

நான்காவது செட், சின்னர் 5-3 முன்னிலை. அல்கராஸ் சர்வ், 0-40. மூன்று மேட்ச் பாயிண்ட், அதாவது மூன்றில் ஒரு புள்ளி எடுத்தாலே சின்னருக்குக் கோப்பை! மூன்றையும் காப்பாற்றிய அல்கராஸ், ஐந்தாவது செட்டின் டை-பிரேக்கை (சமநிலையை உடைக்கும் கடைசி கேம்) 10-2 என முடித்தபோது ஆட்டம் 5 மணி 29 நிமிடம் ஓடியிருந்தது. மொத்தப் புள்ளிகள்: சின்னர் 193, அல்கராஸ் 192. அதிகம் எடுத்தவர் தோற்றார். 2019 விம்பிள்டன் இறுதியிலும் அப்படித்தான், ஃபெடரர் 218, ஜோகோவிச் 204.

அதற்காக இதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். மே மாதம் ரோம் இறுதியில், இதே களிமண் தளத்தில், அல்கராஸ் நேர் செட்களில் ஜெயித்திருந்தார். ஊக்கமருந்து விவகாரத்தில் மூன்று மாதத் தடை முடிந்து அப்போதுதான் சின்னர் திரும்பியிருந்தார் என்று அதை ஒதுக்கிவிட்டேன். தப்பு அங்கேதான். ரோமுக்கு முந்தைய மூன்று மோதல்களிலும் அல்கராஸ்தானே வென்றார்!

அடுத்த கணிப்பில் தளத்தையும் நேருக்கு நேர் கணக்கையும் முதலில் பார்ப்பேன். பெயரோடு வெற்றி வாய்ப்புச் சதவீதமும் போடுகிறேன்.