பெருங்குடல் புற்றுநோயில் எக்சோசோம்: எதிர்ப்பாற்றலைத் தூண்டுமா, முடக்குமா?

சிப்புட்வாசி:
வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் உறுதியாகி, ஈப்போவில் சிகிச்சை தொடங்கவிருக்கிறது. இதற்கிடையில் நேரடி விற்பனை முகவர் ஒருவர் எக்சோசோம் பானம் ஒன்றைக் கொண்டுவந்து, அது எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றை அழிக்கும் என்கிறார். நான் படித்த கட்டுரையோ, புற்றுக்கட்டி தன் எக்சோசோம்களைக் கொண்டே எதிர்ப்பாற்றலை முடக்குகிறது என்கிறது. எது சரி?

ஆய்வக மாணவன்:
எக்சோசோம் என்பது தனியொரு மருந்தன்று. நம் உயிரணுக்கள் வெளியிடும், ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள நுண்பைகளின் பொதுப்பெயர். எந்த உயிரணு அனுப்பியதோ அதன் புரதங்களையும், மரபணுச் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்னும் சிறு மூலக்கூறுகளையுமே அவை சுமக்கின்றன என்பதால், தூண்டுவதும் முடக்குவதும் அனுப்பியவரைப் பொறுத்தது.

பெருங்குடல் புற்றணுக்கள் அனுப்பும் நுண்பைகளில் ஃபாஸ் லிகண்ட், டிரெயில் ஆகிய புரதங்கள் இருப்பதும், அவற்றால் புற்றைத் தாக்கும் எதிர்ப்பு அணுக்களான டி-செல்கள் மடிவதும் 2005ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டன. டி-செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதம் எக்சோசோம்களின் மேல் பயணிப்பது 2018இல் மெலனோமா என்னும் தோல் புற்றில் விரிவாக விளக்கப்பட்டது. கட்டிக்குள் வரும் மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கணுக்களைப் புற்றணுக்கள் இன்னும் நயமாகக் கையாள்கின்றன என்றே சொல்ல வேண்டும்: மிர்-25-3பி போன்ற மைக்ரோ ஆர்என்ஏக்கள் உள்ளே சென்று பிடென் என்னும் தடுப்புப் புரதத்தைக் குறைக்க, புற்றைத் தின்ன வேண்டிய மேக்ரோஃபேஜ் அதற்கு இரத்தக்குழாய் அமைத்துக் கொடுக்கும் எம்2 வகையாக மாறிவிடுகிறது. குடலின் இரத்தம் நேரே கல்லீரலுக்குச் செல்வதால், அங்குள்ள மேக்ரோஃபேஜ்களும் இப்படித் தூண்டப்பட்டு, பரவலுக்கு இடம் தயாராகிறது.

ஓய்வுபெற்ற தாதி:
மேற்கண்ட விளக்கத்தைவிட உங்களுக்கு உடனே பயன்படுவது ஒரு கேள்வி: மாமாவின் கட்டித் திசுவில் எம்எஸ்ஐ சோதனை செய்யப்பட்டதா? பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில், இச்சோதனை கண்டறியும் டிஎன்ஏ பிழைதிருத்தப் பழுது ஏற்பட்டு, டி-செல்கள் பெருமளவில் கட்டிக்குள் நுழைந்திருக்கும். நோய் பரவிய நிலையில் பெம்ப்ரோலிசுமாப் போன்ற, டி-செல்களின் தடையை நீக்கும் மருந்துகள் அவ்வகைக்கே நன்கு வேலை செய்கின்றன. பானத்தைப் பொறுத்தவரை, மால் (MAL) எனத் தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருந்து அதன் இறுதி எழுத்து ‘என்’ ஆக இருந்தால், அது உடல்நலத் துணைப்பொருள் மட்டுமே. புற்றுநோயைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது.

தைப்பிங் வாசகர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நோயாளியின் வயிற்று நீரிலிருந்து பிரித்த எக்சோசோம்களைத் தனியாகவும், ஜிஎம்-சிஎஸ்எஃப் என்னும் எதிர்ப்பாற்றல் தூண்டும் புரதத்துடன் சேர்த்தும் ஊசியாகச் செலுத்திய சோதனை, முற்றிய பெருங்குடல் புற்றுநோயாளிகள் 40 பேரிடம் நடந்து, 2008இல் வெளியானது. சேர்த்துச் செலுத்தப்பட்டவர்களிடம் புற்றுக்கு எதிரான டி-செல் எழுச்சி தென்பட்டது. ஆனால் அது முதற்கட்டச் சோதனை, பானமும் அன்று.

சிப்புட்வாசி:
மிக்க நன்றி. எம்எஸ்ஐ முடிவை அடுத்த சந்திப்பில் கேட்கிறேன். முகவரை அதுவரை வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார்.